மானிட்டர் இல்லாத பெட்டியில ஹார்ட்வேர் என்கோடிங் ஓட மாட்டேங்குதா? அறிகுறி வாரியா பார்க்கலாம் வாங்க

பெருந்துறைப் பக்கம் நம்ம ஸ்டுடியோவுல ஒரு மினி பிசி அட்டாலி மேல உக்காந்திருக்குதுங்க. மானிட்டர் இல்ல, கீபோர்டு இல்ல, ஒரு கரண்ட் வயரு, ஒரு லேன் வயரு, அவ்ளோதான். முகூர்த்தம் நெறைய இருக்கற மாசத்துல மூணு கேமரா ஃபுட்டேஜும் அதுலதான் வந்து விழுகும், ராத்திரியே சின்ன ஃபைலா மாத்தி விடியறதுக்குள்ள கல்யாண வீட்டுக்காரங்களுக்கு லிங்க் போயிரோணும். இதை வெறும் சிபியூவுல ஓட்டுனா சித்திரை வெயில்ல பெட்டி அடுப்பு மாதிரி காயும், ஃபேன் கத்தும், வேலையும் முடியாது. பிராசஸருக்குள்ளயே இருக்கற கிராபிக்ஸ் சிப்போட (ஜிபியூ) வீடியோ என்ஜின்கிட்ட தள்ளி விட்டா அதே வேலை சத்தமில்லாம முடியுது. வீடியோவை இப்படி சுருக்கி மாத்தறதுதான் என்கோடு, அதை அந்த என்ஜின் பண்ணா ஹார்ட்வேர் என்கோடிங்.

ஆனா இதை செட் பண்றப்ப நெம்ப பேர் ஒரே எடத்துல தடுக்கி விழுகறாங்க. கோபியில இருந்து ஒரு தம்பி போன் பண்ணி, "ஏனுங்ணா, டெஸ்க்டாப் போட்டாத்தான் ஜிபியூ வேலை செய்யுமாட்ட இருக்குதுங்ணா, முழுசா டெஸ்க்டாப்பையே இன்ஸ்டால் பண்ணிரட்டுங்களா"ன்னு கேட்டாப்ல. வேண்டாம் சாமின்னு சொன்னேன். என்கோடு பண்ண டெஸ்க்டாப்பும் வேண்டாம், எக்ஸ் சர்வரும் (லினக்ஸ்ல திரையில படம் காட்டற புரோகிராம்) வேண்டாம். லினக்ஸ்ல ரெண்டர் நோடுன்னு ஒண்ணு இருக்குது, 2014ல வந்த 3.17 கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இருந்து அது தானாவே ஆன்லதான் இருக்கு. டெவ் ஃபோல்டருக்குள்ள டிஆர்ஐன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கார்டு0 இருந்தா அது திரையில படம் காட்டற வாசல், ரெண்டர்டி128 இருந்தா அது வேலை மட்டும் வாங்கிட்டுப் போற பொடக்காளி வாசல். நமக்கு ரெண்டாவது போதும். டெஸ்க்டாப் இருந்தா பர்மிஷன் மாதிரி சில வேலைய அது நமக்குத் தெரியாமயே பண்ணி வெச்சிரும், இங்க நாமளே பண்ணோணும்.

கமாண்டெல்லாம் போன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. எப்பவும் கீழ இருந்து மேல போங்க: கெர்னலு, டிவைஸ் ஃபைலு, பர்மிஷன், டிரைவரு, கடைசியாத்தான் எஃப்எஃப்எம்பெக், அதாவது வீடியோவை மாத்தித் தர்ற புரோகிராம். மேல இருந்து ஆரம்பிச்சா ராத்திரி பூரா ஆப்ஷனை மாத்தி மாத்திப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க.

அறிகுறி: டிஆர்ஐ ஃபோல்டரே இல்ல, இல்லைன்னா கார்டு0 மட்டும் இருக்கு, ரெண்டர்டி128 காணோம்

எல்எஸ்பிசிஐ மைனஸ் கே (பெட்டிக்குள்ள இருக்கற கார்டு, சிப்பெல்லாம் காட்டற கமாண்டு) அடிச்சு விஜிஏ வரியப் பாருங்க. பிராசஸர் கிராபிக்ஸுக்குன்னு வரியே இல்லைன்னா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, பிராசஸர் பேர்ல கடைசியா எஃப் எழுத்து இருக்கும், ஐ5 10400எஃப் மாதிரி, அதுல கிராபிக்ஸே கிடையாது, என்ன பண்ணாலும் வராது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க கடையில காசு குடுக்கறதுக்கு முன்னால அந்த ஒத்த எழுத்தைப் பார்த்துருங்க, ஈரோட்டுல நான் ஒருக்கா பார்க்காம வாங்கிட்டு வந்து மறுக்கா போய் மாத்த வேண்டியதா போச்சு. இன்னொண்ணு, தனியா கிராபிக்ஸ் கார்டு சொருகுன உடனே பயாஸ் உள்ள இருக்கற கிராபிக்ஸை தானா ஆஃப் பண்ணிருக்கும். பயாஸ்ல இன்டர்னல் கிராபிக்ஸை ஆட்டோவுல விடாம எனேபிள் வெய்யுங்க, சில போர்டுல ஐஜிபியூ மல்டி மானிட்டர்னு பேர் இருக்கும்.

வரி இருக்கு, ஆனா கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்"ங்கறது இல்லைன்னா, ப்ராக் சிஎம்டிலைன் ஃபைலைத் தொறந்து நோமோட்செட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க. இன்ஸ்டால் பண்றப்ப திரை கருப்பா வந்துச்சுன்னு சேஃப் கிராபிக்ஸ் போட்டிருந்தீங்கன்னா அது ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். அது இருக்கற வரைக்கும் இன்டெல், ஏஎம்டி டிரைவர் லோடு ஆகாது. டீஃபால்ட் க்ரப் ஃபைல்ல அதை அழிச்சுட்டு அப்டேட் க்ரப் அடிச்சு ரீபூட். இன்னொரு இடம் விர்ச்சுவல் மெஷின்ல டெபியனோட (ஒரு லினக்ஸ் வகை) கிளவுட் கெர்னல் போட்டு ஜிபியூவை உள்ள விட்டிருக்கறவங்க, அந்த கெர்னல்ல ஜிபியூ டிரைவரே கிடையாது, சாதா கெர்னலுக்கு மாறோணும். உபுண்டுல லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ராங்கற பேக்கேஜ் இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

கார்டு0 மட்டும் இருக்கறது பழைய சர்வர் போர்டுல நெறைய வரும். அதுல ஆஸ்பீடுன்னு ஒரு குட்டி சிப் இருக்கும், அது திரை காட்ட மட்டும்தான், என்கோடு பண்ற என்ஜினே அதுல இல்ல.

அறிகுறி: மானிட்டர் சொருகி லாகின் பண்ணா ஓடுது, எஸ்எஸ்எச்ல (நெட்வொர்க் வழியா வேற மெஷின்ல இருந்து) வந்தா பர்மிஷன் டினைடு

இதுதான் ஆளுகளை நெம்ப குழப்பறது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். மெஷின் முன்னால உக்காந்து டெஸ்க்டாப்ல லாகின் பண்றப்ப சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ், லாகினையெல்லாம் கவனிக்கறது) அந்த ஆளுக்குன்னு தனியா ஒரு அனுமதிய ரெண்டர் நோடு மேல எழுதி வெச்சிரும், கெட்ஃபேக்ல் அடிச்சுப் பார்த்தா உங்க பேரே அதுல தெரியும். எஸ்எஸ்எச்ல வர்ற ஆளு மெஷின் முன்னால உக்காந்த ஆளு இல்லைங்கறதால அவருக்கு அது கிடைக்காது. அதனாலதான் "டெஸ்க்டாப் போட்டா ஓடுது"ங்கற தப்பான முடிவுக்கு எல்லாரும் வர்றாங்க. ஓடுனது டெஸ்க்டாப்பால இல்ல, அது குடுத்த அனுமதியால.

சரி பண்றது சுலபம். டெபியன், உபுண்டுல ரெண்டர் நோடு ரெண்டர்ங்கற குரூப்புக்கு சொந்தம், கார்டு0 வீடியோ குரூப்புக்கு. சூடோ யூசர்மாட், மைனஸ் சின்ன ஏ பெரிய ஜி, ரெண்டர் கமா வீடியோ, கடைசியா யூசர் பேரு. அந்த ஏ எழுத்தை விட்டுட்டீங்கன்னா மத்த குரூப்பெல்லாம் போயிரும், சூடோ கூட போயிரும், பார்த்து. அப்புறம் லாக்அவுட் பண்ணி திரும்ப வரோணும். ஐடின்னு அடிச்சா ரெண்டர் தெரியோணும். டீமக்ஸ் (வெளிய போனாலும் டெர்மினலை மூடாம வெச்சிருக்கற புரோகிராம்) செஷனை தொறந்தே வெச்சிருக்கறவங்க கவனிங்க, அது பழைய அனுமதியோடவே ஓடிட்டு இருக்கும், எத்தனை தடவை எஸ்எஸ்எச் பண்ணி அதுக்குள்ள போனாலும் மாறாது, டீமக்ஸ் சர்வரையே கில் பண்ணிட்டு புதுசா தொறக்கோணும்.

சிலர் 777 போட்டு கதையை முடிச்சிருவாங்க. பண்ணாதீங்க, ரீபூட் ஆனதும் அந்த ஃபைல் புதுசா உருவாகும், 777 காணாம போயிரும், மறுக்கா அதே பிரச்சினைதான்.

கையில ஓட்டுனா ஓடுது, சர்வீஸா வெச்சா ஓடலைன்னா சர்வீஸ் ஃபைல்ல எந்த யூசர்னு பாருங்க. சப்ளிமென்டரி குரூப்ஸ்னு ஒரு வரி சேர்த்து ரெண்டர் போடுங்க. பிரைவேட் டிவைசஸ் எஸ்னு இருந்தா அதுதான் குத்தவாளி, அந்த வரி டிஆர்ஐ ஃபோல்டரையே சர்வீஸ் கண்ணுல இருந்து மறைச்சிரும்.

அறிகுறி: விஏஇன்ஃபோ அடிச்சா "எக்ஸ் சர்வருக்கு கனெக்ட் ஆக முடியல"ன்னு வருது

பயப்பட வேண்டியதே இல்ல. விஏஇன்ஃபோங்கறது ஜிபியூவால எந்தெந்த வீடியோ வேலை முடியும்னு லிஸ்ட் காட்டற கமாண்டு. அது வழக்கமா வேலண்ட், எக்ஸ்னு (ரெண்டும் திரை காட்டற முறைங்க) ஒவ்வொரு வாசலா தட்டிப் பார்க்கும், இல்லைன்னா சொல்லும், அவ்ளோதான். எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் இல்லைங்கற வரியும் அதே கணக்குதான். கடைசியில டிஆர்எம் வழியா, அதாவது திரை இல்லாம நேரா கெர்னல் வழியா, உள்ள போயிருச்சான்னு மட்டும் பாருங்க. நேரா கேக்கறதுன்னா விஏஇன்ஃபோ மைனஸ் மைனஸ் டிஸ்ப்ளே டிஆர்எம், மைனஸ் மைனஸ் டிவைஸ் போட்டு ரெண்டர்டி128 பாத். இதுல ப்ரொஃபைல் லிஸ்ட் வந்துருச்சுன்னா டெஸ்க்டாப்புக்கும் உங்களுக்கும் இனி எந்த சம்பந்தமும் இல்ல.

அறிகுறி: டிவைஸ் இருக்கு, பர்மிஷன் இருக்கு, ஆனா விஏஇனிஷியலைஸ் ஃபெயில்டு

இப்ப டிரைவர். இன்டெல்லுக்கு ரெண்டு இருக்குது. ஐ965ங்கறது பழசு, ஐஎச்டிங்கறது புதுசு. பிராட்வெல் சிப்புல இருந்து மேல இருக்கறதுக்கு ஐஎச்டி, ஹாஸ்வெல்லும் அதுக்கு முந்தினதும் ஐ965 மட்டும்தான். பழைய 4வது தலைமுறை பெட்டிய வெச்சுட்டு ஐஎச்டி போட்டு மல்லுக்கட்டாதீங்க. லிப்விஏ டிரைவர் நேம்னு என்விரான்மென்ட் வேரியபிள் எங்கயாவது பழசா எழுதி வெச்சிருக்கான்னும் பாருங்க, வேற மெஷின்ல இருந்து காப்பி பண்ணிட்டு வந்த செட்டிங் ஃபைல்ல அது ஒளிஞ்சிருக்கும். ஏஎம்டின்னா மெசா டிரைவர். ஃபெடோரா வெச்சிருக்கறவங்களுக்கு 2022ல இருந்து எச்264, எச்265 ரெண்டும் பேடன்ட் விவகாரத்தால அவங்க மெசாவுல இருந்து எடுத்துட்டாங்க, ஆர்பிஎம் ஃபியூஷன்ல (வெளி பேக்கேஜ் கிடங்கு) இருந்து ஃப்ரீவேர்ல்டு மெசாவை மாத்திப் போடோணும்.

அறிகுறி: ப்ரொஃபைல் லிஸ்ட் வருது, என்கோடு பண்ணா "யூசபிள் என்ட்ரிபாயின்ட் இல்ல"ன்னு நிக்குது

லிஸ்ட்ல வலது பக்கம் பாருங்க. விஎல்டின்னு இருந்தா அது டிகோடு, அதாவது வீடியோவைப் பிரிக்கறது. என்க்ஸ்லைஸ்னு இருந்தாத்தான் என்கோடு. என்க்ஸ்லைஸ் எல்பின்னு இருந்தா லோ பவர் என்கோடு, அதையும் எஃப்எஃப்எம்பெக்கு நாமளா சொன்னாத்தான் உறுதியா எடுத்துக்கும், லோ அண்டர்ஸ்கோர் பவர் 1.

டெபியன், உபுண்டுல இன்டெல் மீடியா டிரைவர் ரெண்டு பேக்கேஜா இருக்குது, ஒண்ணு சாதா, ஒண்ணு நான் ஃப்ரீ. சாதாவுல என்கோடுக்கு வேண்டிய சில பாகத்தை எடுத்துட்டுத்தான் குடுக்கறாங்க, அதனால டிகோடு ஜம்முனு ஓடும், என்க்ஸ்லைஸ் மட்டும் காணாம இருக்கும். நான் ஃப்ரீ போட்டதும் லிஸ்ட் நீளமாயிரும். இது தெரியாம ஒரு வாரம் ஓட்டுன ஆளுகளை எனக்குத் தெரியும்ங்க.

ஜாஸ்பர் லேக், அதான் என்5105 மாதிரி சின்ன மினி பிசி, அதுல லோ பவர் மட்டும்தான் இருக்குது. பிட்ரேட் (ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டாங்கற அளவு) கண்ட்ரோலோட அது ஓடறதுக்கு எச்யூசிங்கற ஃபர்ம்வேர் லோடு ஆகோணும். டிமெசேஜ்ல (கெர்னல் எழுதற மெசேஜ் லிஸ்ட்) எச்யூசின்னு தேடுங்க, ஆதென்டிகேட்டடுன்னு வந்தா சரி. வரலைன்னா கெர்னல் பாராமீட்டர்ல ஐ915 புள்ளி எனேபிள் அண்டர்ஸ்கோர் ஜியூசி ஈக்குவல் 2 போட்டு ரீபூட். இது இல்லாம ஓட்டுனா "ஆர்சி மோடு பொருந்தல"ன்னு எரர் வரும், இல்ல சிக்யூபி (பிட்ரேட் சொல்லாம தரத்தை மட்டும் சொல்ற முறை) மட்டும் ஓடும், பிட்ரேட் குடுத்தா விழுந்துரும். யூடியூப் லைவுக்கு பிட்ரேட் அளவா போயே ஆகோணும், அதனால இதைத் தள்ளிப் போடாதீங்க.

விஏ ஏபிஐ (இதுவரைக்கும் நாம பார்த்த வழி) விட்டுட்டு குயிக் சிங்க் (இன்டெல்லோட சொந்த வழி) வழியா போறவங்களுக்கு "எம்எஃப்எக்ஸ் செஷன் மைனஸ் 9"ன்னு வந்தா ரன்டைம் மாறிப் போச்சுன்னு அர்த்தம். 11வது தலைமுறையில இருந்து புது விபிஎல் ரன்டைம், அதுக்கு முந்தினதுக்கு பழைய மீடியா எஸ்டிகே. எனக்கு விஏ ஏபிஐயே போதும்னு படுது, சிக்கல் கம்மி.

அறிகுறி: "ஃபில்டருக்கு நடுவுல ஃபார்மேட் மாத்த முடியல"

இது எஃப்எஃப்எம்பெக் எரர், டிரைவர் மேல தப்பில்ல. சிபியூ மெமரியில இருக்கற ஃப்ரேமை ஜிபியூ என்கோடர்கிட்ட நேரா நீட்டறோம், அது வாங்க மாட்டேங்குது. விஎஃப்ல (ஃபில்டர் ஆப்ஷன்) ஃபார்மேட் ஈக்குவல் என்வி12 (ஜிபியூ வாங்கிக்கற ஃப்ரேம் வடிவம்) கமா எச்டபிள்யூ அப்லோட் போட்டா ஏத்தி விட்டுரும். முழு கமாண்டு இப்படி இருக்கும்: எஃப்எஃப்எம்பெக், மைனஸ் விஏஏபிஐ அண்டர்ஸ்கோர் டிவைஸ் போட்டு ரெண்டர்டி128 பாத், மைனஸ் ஐ ஃபைல் பேரு, மைனஸ் விஎஃப் மேல சொன்னது, மைனஸ் சி கோலன் வி எச்264 அண்டர்ஸ்கோர் விஏஏபிஐ, மைனஸ் க்யூபி 22, கடைசியா அவுட்புட் பேரு.

நம்ம கல்யாண வேலைக்கு வர்ற தனிச் சிக்கல் ஒண்ணு இருக்குது. இப்ப வர்ற மிரர்லெஸ் கேமராவெல்லாம் 4:2:2 10 பிட்ல (சாதாவை விட கலர் விவரம் அதிகம்) எடுக்குது. அதை எச்264ல எடுத்திருந்தா பெரும்பாலான ஜிபியூ டிகோடே பண்ணாது. எச்டபிள்யூ ஆக்செல் (ஹார்ட்வேர்ல டிகோடு பண்ணச் சொல்ற ஆப்ஷன்) போட்டிருந்தா எஃப்எஃப்எம்பெக் சத்தமில்லாம சிபியூவுக்குப் போயிரும், அப்புறம் ஃபில்டர்ல வந்து முட்டி மேல சொன்ன எரர் வரும், நீங்க டிரைவரைத் திட்டிட்டு இருப்பீங்க. அந்த மாதிரி ஃபைலுக்கு ஹார்ட்வேர் டிகோடை எடுத்துட்டு, சிபியூவுல பிரிச்சு, என்வி12ஆ மாத்தி, என்கோடு மட்டும் ஜிபியூவுல பண்ணுங்க. எச்265 4:2:2ன்னா இன்டெல் 11வது தலைமுறைக்கு மேல அதுவே பிரிச்சிரும், அதனால கேமராவுல எச்265 ஆப்ஷன் இருந்தா அதுல எடுக்கச் சொல்லி கேமராமேன்கிட்ட முன்னாலயே சொல்லி வெச்சுக்கறது நல்லது.

அறிகுறி: ஓடுது, ஆனா சிபியூ நூறு பர்சன்ட்

மேல சொன்ன மாதிரி டிகோடு சிபியூவுல ஓடுதா பாருங்க. சாதா 8 பிட் ஃபைல்னா மைனஸ் எச்டபிள்யூ ஆக்செல் விஏஏபிஐ, கூடவே எச்டபிள்யூ ஆக்செல் அவுட்புட் ஃபார்மேட் விஏஏபிஐ ரெண்டும் போடோணும், இப்ப ஃப்ரேம் ஜிபியூ விட்டு வெளிய வராததால எச்டபிள்யூ அப்லோடை எடுத்துருங்க. சைஸ் சின்னது பண்றதுன்னா ஸ்கேல் ஃபில்டருக்கு பதிலா ஸ்கேல் அண்டர்ஸ்கோர் விஏஏபிஐ. நெசமாவே என்ஜின் வேலை செய்யுதான்னு பார்க்க சூடோ இன்டெல் ஜிபியூ டாப், வீடியோங்கற வரி ஏறோணும். என்விடியாவுக்கு என்விடியா எஸ்எம்ஐ டிமான் போட்டு என்க் காலம் பாருங்க.

ஃபைனல் ஆல்பம் காப்பிக்கு மட்டும் நான் இன்னும் சிபியூவுல ஓடற எக்ஸ்264 ஸ்லோ ப்ரீசெட்தான் போடறேன். ஒரே பிட்ரேட்ல பார்த்தா பட்டுச்சேலை ஜரிகையிலயும் மாலைப் பூவுலயும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது. லைவுக்கும் ப்ரிவியூ காப்பிக்கும் ஹார்ட்வேர் தாராளமா போதும்.

அறிகுறி: என்விடியா எஸ்எம்ஐ நல்லா வருது, என்வென்க் வரல

என்வென்க்ங்கறது என்விடியா கார்டோட என்கோடு என்ஜின். லிப் என்விடியா என்கோடு லோடு ஆகலைன்னா, உபுண்டுல ஹெட்லெஸ் (திரை இல்லாத மெஷினுக்கான) டிரைவர் பேக்கேஜ் போட்டிருப்பீங்க, அதுல என்கோடு லைப்ரரி வராது, அதே வெர்ஷன் நம்பர்ல தனியா போடோணும். "ஏபிஐ வெர்ஷன் இவ்ளோ வேணும், இவ்ளோதான் இருக்கு"ன்னு வந்தா எஃப்எஃப்எம்பெக் புதுசு, டிரைவர் பழசு, டிரைவரை ஏத்துங்க. ஜிடி 1030 கார்டுல என்வென்க் சிப்பே இல்ல, அதுல தேடாதீங்க. "அவுட் ஆஃப் மெமரி"ன்னு செஷன் தொறக்கறப்ப வந்தா மெமரி தீந்து போச்சுன்னு நெனைக்கறோம், பல நேரம் அது செஷன் கணக்கு. ஜிஃபோர்ஸ் கார்டுல ஒரே நேரத்துல இத்தனை என்கோடுதான்னு டிரைவர்ல வரம்பு இருக்கு, 2023 மார்ச்ல 3ல இருந்து 5 ஆச்சு, 2024ல 8 ஆச்சு. பழைய டிரைவர்னா பழைய வரம்புதான்.

"டிரைவர் லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்"ன்னா ராத்திரி ஆட்டோ அப்டேட் ஓடிருக்கு, ரீபூட் ஒண்ணு போட்டா சரியாயிரும்.

அறிகுறி: டாக்கருக்கு வெளிய ஓடுது, உள்ள ஓடல

டாக்கர்ங்கறது புரோகிராமைத் தனி டப்பாவுக்குள்ள (கன்டெய்னர்) வெச்சு ஓட்டறதுங்க. மைனஸ் மைனஸ் டிவைஸ் போட்டு டிஆர்ஐ ஃபோல்டரை உள்ள விடோணும், குரூப் ஆட் போடறப்ப ரெண்டர்ங்கற பேர் வேண்டாம், நம்பர் போடுங்க, ஏன்னா உள்ள இருக்கற இமேஜ்ல அந்தப் பேருக்கு வேற நம்பரா இருக்கும், இல்ல பேரே இருக்காது. ஹோஸ்ட்ல கெட்என்ட் குரூப் ரெண்டர் அடிச்சா நம்பர் வரும். இன்டெல், ஏஎம்டிக்கு டிரைவர் இமேஜுக்குள்ளயே இருக்கோணும். என்விடியாவுக்கு வெளிய இருந்து லைப்ரரி உள்ள போகும், ஆனா டிரைவர் கேப்பபிலிட்டிஸ்ல வீடியோன்னு சொல்லலைன்னா என்கோடு லைப்ரரியை மட்டும் விட்டுட்டுப் போகும்.

அறிகுறி: நேத்து வரைக்கும் ஓடுச்சு, கரண்ட் போய் வந்ததும் நின்னு போச்சு

நம்ம ஊர்ல இது கண்டிப்பா வரும். ரெண்டு ஜிபியூ இருக்கற பெட்டின்னா ரெண்டர்டி128ம் 129ம் பூட் ஆகறப்ப எடம் மாறிக்கலாம், நேத்து இன்டெல்லா இருந்தது இன்னைக்கு வேற கார்டு. கமாண்டுல நம்பரை எழுதாம டிஆர்ஐக்குள்ள பை பாத்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இருக்கற பேரைப் போடுங்க. இன்டெல் உள்கிராபிக்ஸ் எப்பவும் பிசிஐ 00:02.0லதான் இருக்கும், அது மாறாது.

என்விடியான்னா இன்னொண்ணு. டெஸ்க்டாப் இல்லாத பெட்டியில டிவைஸ் ஃபைல் தானா உருவாகாம இருக்கலாம், யாராவது ஒருக்கா என்விடியா எஸ்எம்ஐ அடிச்ச பொறகுதான் வரும். அதனால கன்டெய்னர் முதல்ல எழுந்துட்டா ஜிபியூ இல்லைன்னு விழுந்துரும். என்விடியா பெர்சிஸ்டன்ஸ்ட் சர்வீஸை ஆன் பண்ணி வெச்சு, உங்க சர்வீஸ் அதுக்கு அப்புறம் ஆரம்பிக்கற மாதிரி எழுதிருங்க.

இது ரெண்டும் இல்ல, டிஆர்ஐ ஃபோல்டரே திரும்பக் காணோம்னா பட்டன் பேட்டரியப் பாருங்க. போன ஐப்பசியில நம்ம எடிட்டிங் பெட்டி இப்படித்தான் நின்னுச்சு. அதுல தனி கிராபிக்ஸ் கார்டும் இருக்குது. டிரைவர் வரைக்கும் கழட்டிப் பார்த்தும் ஒண்ணும் தட்டுப்படல, கடைசியா மானிட்டர் சொருகிப் பார்த்தா பயாஸ்ல தேதி பல வருசம் பின்னால நின்னுட்டு இருந்துச்சு. சிஆர்2032 செத்துப் போய் கரண்ட் போறப்பல்லாம் பயாஸ் பழைய செட்டிங்குக்குப் போயிருக்கு, உள்கிராபிக்ஸ் மறுக்கா ஆட்டோவுக்குப் போய் ஆஃப் ஆயிருச்சு. பேட்டரி மாத்தி, கிராபிக்ஸை எனேபிள் பண்ணி, கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகற செட்டிங்கையும் போட்டுட்டு வந்தேன், அதுக்கப்புறம் அந்தத் தொல்லை இல்ல.

ராஸ்பெர்ரி பை வெச்சிருக்கறவங்களுக்கு

பை 4ல எச்264 அண்டர்ஸ்கோர் வி4எல்2எம்2எம் என்கோடர் ஓடும், 1080பி வரைக்கும், யூசர் வீடியோ குரூப்புல இருக்கோணும். பை 5ல ஹார்ட்வேர் எச்264 என்கோடரே எடுத்துட்டாங்க, அதனால பை 4ல ஓடுன கமாண்டு அங்க ஓடலைன்னா நீங்க எதையும் தப்பா பண்ணல, அதுல சிபியூவுல எக்ஸ்264தான் ஓட்டோணும். கோயில் விசேஷ லைவுக்கு பை வாங்கலாம்னு கேக்கறவங்ககிட்ட பை 4 கைவசம் இருந்தா அதையே வெச்சுக்கோங்கன்னுதான் சொல்றேன், புதுசா வாங்கறதுன்னா ரெண்டர் நோடு இருக்கற இன்டெல் மினி பிசிக்கே போயிருங்க.